11 மாசம் லீவு, அஞ்சு பேரு, உலகத்த ஒரு ரவுண்டு: காட்பாடிலேர்ந்து கெளம்பறோம், யோசனை சொல்லுங்க

காட்பாடிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிகினு மட்டும்தான் இருந்தேன், மொத தடவயா எழுதறேன். நான் ஒரு தனியார் பாலிடெக்னிக்ல 17 வருஷமா இருக்கேன், வீட்ல அவங்க லேப் டெக்னீஷியன். அடுத்த ஜூன்லேர்ந்து 11 மாசம் சம்பளமில்லாத லீவு ரெண்டு பேருக்கும் கெடச்சிடுச்சி. பொண்ணு ஆறாவது, 11 வயசு. பையன் மூணாவது, 8 வயசு. எங்கம்மாவுக்கு 66, அவங்களும் வராங்க.

ஏன் இப்பன்னு கேப்பீங்க. எங்கப்பா ரயில்வே. காட்பாடி ஜங்ஷன்ல முப்பது வருஷம் ஊரு பூராவையும் வண்டி ஏத்தி அனுப்பினாரு, எங்கள திருப்பதி தாண்டி எங்கயும் கூட்டிகினு போனதில்ல. ரிடையர் ஆவட்டும் போலாம்னாரு, ரிடையர் ஆனதும் சுகர், முட்டி வலி, அப்புறம் ரெண்டு வருஷம் முன்னாடி போயிட்டாரு. அவரோட பீரோவுல ஒரு உலக மேப்பு இருந்துது, பள்ளிக்கூட பசங்க வாங்கறது, அதுல பேனாவால கோடு போட்டு வெச்சிருந்தாரு, மெட்ராஸ்லேர்ந்து கெளம்பி மெட்ராஸ்க்கே வர்ற மாதிரி. யாருகிட்டயும் சொன்னதே இல்ல.

கையில 34 லட்சம் இருக்கு, ஒரு மனை வித்தோம். 19 நாடு லிஸ்ட் போட்டிருக்கேன்: சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான், கென்யா, ஐரோப்பாவுல மட்டும் 8, அமெரிக்கா, பெரு, நியூசிலாந்துன்னு போவுது. எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல. ஸ்கூல்ல என்ன சொல்றது, விசா எப்ப போடறது, அம்மாவுக்கு ஒத்துக்குமா, எல்லாத்துக்கும் பதில் வேணும்.

ஆம்பூர் அக்கா:
தம்பி, மொதல்ல பசங்க பாஸ்போர்ட்ட எடுத்து தேதி பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம். பெரியவங்களுக்கு 10 வருஷம், பிள்ளைங்களுக்கு 5 வருஷம்தான். நாங்க நாலு மாசம் பிள்ளைங்களோட சுத்தினவங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஷூ எக்ஸ்போர்ட் தொழில். போன தடவ ஏர்போர்ட்ல செக்கின் பண்ற எடத்துலயே நிறுத்திட்டாங்க. சின்னவன் பாஸ்போர்ட்ல அஞ்சு மாசம்தான் பாக்கி, போற நாட்டுல ஆறு மாசம் கேக்கறாங்க. நாலு பேரு டிக்கெட்டும் போச்சி, மெட்ராஸ்லேர்ந்து ஆம்பூர் வர்ற வரைக்கும் கார்ல யாரும் பேசல, அவன் மட்டும் "என்னாலயாம்மா"ன்னு கேட்டுகினே வந்தான். அந்தக் கேள்வி எனக்கு இன்னிக்கும் காதுல இருக்கு. அதனாலதான் மொத வேலயா இத சொல்றேன்.

பெரியவங்க பாஸ்போர்ட் புதுசு போடறதா இருந்தா 60 பக்க புக்கு கேட்டு வாங்குங்க, 36 பக்கம் பத்தாது.

அப்புறம் 19 நாடு வேணாம். 11 மாசத்துல 19ன்னா ஒரு நாட்டுக்கு ரெண்டரை வாரம், அதுல பாதி பொட்டி கட்டறதுலயும் துணி தொவைக்கறதுலயும் போயிடும். பிள்ளைங்களுக்கு ஒரு எடத்துல மூணு வாரம் இருந்தாத்தான் பக்கத்து வீட்டு பையன் பேரு தெரியும். வாடகை வீடும் மாச கணக்குல எடுத்தா நல்லா கொறைக்கறாங்க. சமையக்கட்டு இருக்கற வீடா பாருங்க, அஞ்சு பேரு மூணு வேளையும் வெளிய சாப்ட்டா 34 லட்சம் டிசம்பருக்குள்ள தீந்துடும்.

காட்பாடிவாசி:
அக்கா, இப்பதான் எடுத்து பாத்தேன். பையனோடது வர ஜனவரியோட முடியுது. பயணத்துக்கு நடுவுல. நீங்க சொல்லலன்னா இது கண்ணுலயே பட்டிருக்காது, ரொம்ப நன்றி.

வாலாஜா ரோடு:
சார், மனசுல பட்டத சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. 66 வயசு அம்மாவ வெச்சிகினு நாடு நாடா அலையணுமா? என் தம்பி துபாய்ல இருந்தான், எங்கப்பா தவறினப்ப அவனால காரியத்துக்கு வர முடியல, பதினாறாம் நாளுதான் வந்தான். வந்து வெறும் போட்டோவ பாத்துகினு நின்னான். ஒரு வருஷம் ஊரவிட்டு போனா இங்க நடக்கறது நிக்காது. உங்க மாமனார் மாமியார் இருக்காங்களா, அவங்களுக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவீங்க? மனை வித்த காசுல பொண்ணுக்கு ஏதாவது போட்டு வெக்கலாமே. இது என் அபிப்பிராயம்.

குடியாத்தம் டீச்சர்:
நான் அரசு நடுநிலைப் பள்ளியில வேல பாக்கறேன், ஸ்கூல் விஷயம் மட்டும் சொல்றேன். சார், நீங்க தேர்ந்தெடுத்த வருஷம் சரியான வருஷம். பொண்ணு ஒம்பதாவது போனப்புறம்னா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்.

2009ல வந்த கல்வி உரிமைச் சட்டப்படி 6லேர்ந்து 14 வயசு வரைக்கும் இருக்கற பிள்ளைய வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும், டிசி வர லேட்டாவுதுன்னு அட்மிஷன் தர மாட்டேன்னு சொல்ல முடியாது. அதனால திரும்பி வந்து சேக்கறதுக்கு சட்டத்துல வழி இருக்கு. ஆனா தனியார் பள்ளியில உங்க சீட்ட அப்படியே வெச்சிருப்பாங்களான்னா அது அவங்க இஷ்டம், இப்பவே லெட்டர் குடுத்து எழுத்துல பதில் வாங்கிடுங்க. வாயால "பாத்துக்கலாம் சார்"னு சொன்னத நம்பி போகாதீங்க. எமிஸ் நம்பர, அதாவது பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் குடுக்கற அடையாள நம்பர, குறிச்சி வெச்சிக்குங்க.

பாடத்துல எனக்கு பயம் கணக்கு ஒண்ணுதான். சமூக அறிவியல் நீங்க போற எடமெல்லாம் நடக்கும், இங்கிலீஷ் தானா வரும், கணக்கும் தமிழும் உக்காந்து சொல்லித் தந்தாத்தான் வரும். தெனம் காலையில நாப்பது நிமிஷம், பல்லு வெளக்கற மாதிரி. எங்க ஸ்கூல்ல செங்கல் சூளைக்கு போற குடும்பத்து பிள்ளைங்க ஆறு மாசம் கழிச்சி திரும்பி வரும், தமிழ் வாசிப்பு விட்டுப் போயிருக்கும், பின்ன வரி பிடிச்சி படிக்கவே ரெண்டு மாசம் ஆவும். உங்க பையன் மூணாவது, அவனுக்குத்தான் இது முக்கியம். தமிழ்ல தெனம் அஞ்சு வரி டைரி, அவனே எழுதணும், நீங்க திருத்தக்கூடாது.

ஆற்காடு65:
வங்கியில இருந்து ரிடையர் ஆனவன். பண விஷயம் சொல்றேன்.

வெளிநாட்டு செலவுக்கு பணம் அனுப்பறப்பவோ ஃபாரெக்ஸ் கார்டுல ஏத்தறப்பவோ ஒரு நிதியாண்டுல ஒருத்தருக்கு 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ், அதாவது பேங்க்லயே முன்கூட்டி பிடிக்கற வரி, கெடையாது. 2025 ஏப்ரலுக்கு முன்ன இது 7 லட்சமா இருந்துது. அதுக்கு மேல சுற்றுலான்னா 20 சதவீதம் பிடிப்பாங்க. ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம்தான், ஆனா பயணத்துல இருக்கறப்ப அந்த காசு கையில இருக்காதே. அதனால புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரு பேர்லயும் பிரிச்சி ஏத்துங்க. டூர் பேக்கேஜா வாங்கினா கணக்கு வேற, நீங்க அதுக்கு போகாதீங்க.

ரெண்டாவது, போன். பேங்க் ஓடிபி இங்கத்த சிம்முக்குத்தான் வரும். 90 நாள் உபயோகம் இல்லன்னா சிம்ம கட் பண்ணலாம்னு விதி இருக்கு. கட் ஆனா உங்க காசு உங்களுக்கே எட்டாது. உங்க நம்பர், வீட்டம்மா நம்பர் ரெண்டையும் ரீசார்ஜ் பண்ணி ரோமிங்ல உயிரோட வெச்சிருங்க.

மூணாவது, உங்கம்மா ரயில்வே குடும்ப பென்ஷன் வாங்கறாங்கன்னா நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும். நவம்பர்ல எந்த நாட்டுல இருப்பீங்கன்னு பாத்து அங்க இருக்கற இந்தியத் தூதரகத்துல வாங்கி அனுப்பலாம். இத மறந்து பென்ஷன் நின்னு போய் கவுண்டர்ல வந்து நின்னவங்கள நான் பாத்திருக்கேன், வயசானவங்க, பாவம்.

வாலாஜா ரோடு தம்பி சொன்னது சரியான கவல. அதுக்குன்னு தனியா 4 லட்சம் எடுத்து வெச்சிடுங்க, அஞ்சு பேரும் எந்த நாட்டுலேர்ந்தும் உடனே திரும்ப வர்றதுக்கு. அதுல ஒரு ரூபாகூட கைய வெக்கக்கூடாது. அப்ப உங்க கணக்கு 30 லட்சம்தான்.

சத்துவாச்சாரி நர்ஸ்:
அம்மாவுக்கு என்னென்ன மாத்திரைன்னு சொல்லுங்க. பிபி, சுகர் மாத்திரைன்னா மூணு மாசத்துக்கு எடுத்துகினு போங்க, டாக்டர்கிட்ட மருந்தோட வேதியியல் பேரு போட்டு சீட்டு வாங்குங்க, கம்பெனி பேரு வெளியூர்ல தெரியாது. கோடீன் கலந்த இருமல் சிரப்பு, டிரமடால் மாதிரி வலி மாத்திரை எதையும் பையில போடாதீங்க, துபாய் மாதிரி எடத்துல பெரிய சிக்கல்.

லிஸ்ட்ல கென்யா இருக்கே. அதுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடணும், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, போட்டு 10 நாள் கழிச்சித்தான் அந்த சர்டிபிகேட் செல்லும். ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் செல்லும்னு 2016ல மாத்திட்டாங்க. ஆனா 60 வயசுக்கு மேல மொத தடவயா போடறவங்களுக்கு பக்க விளைவு ஆபத்து கொஞ்சம் அதிகம், டாக்டர் பாக்காம போடக்கூடாது. கென்யாவுலேர்ந்து தென் ஆப்பிரிக்கா போனாலும் அந்த சர்டிபிகேட் கேப்பாங்க. அம்மாவுக்காக கென்யாவ விட்டுடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

இன்சூரன்ஸ் நிறைய பாலிசி ஒரே பயணத்துக்கு 180 நாள்தான் குடுப்பாங்க, நீட்டிக்க முடியுமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. அம்மாவுக்கு ஏற்கனவே இருக்கற நோய மறைக்காம எழுதுங்க.

பாலாத்து மணல்:
அண்ணே, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லட்டுமா. லிஸ்ட்ல ஈபில் டவர்லாம் இருக்கு, சரி. ஆனா நம்ம ஜில்லாவுலேர்ந்து கெளம்பி உலகத்த சுத்தினவங்க நமக்கு முன்னாடியே இருக்காங்க. அவங்க போன வழியில போங்களேன்.

பழைய வட ஆற்காடு ஜில்லாலேர்ந்து ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏறினவங்க ஏராளம். மொரீஷியஸ் 1834லேர்ந்து. நேட்டாலுக்கு, அதாவது இன்னிக்கி தென் ஆப்பிரிக்காவுல டர்பன் இருக்கற பக்கம், மொத கப்பல் ட்ரூரோ, மெட்ராஸ்லேர்ந்து போயி 1860 நவம்பர் 16 அன்னிக்கி சேந்துது. 1911 வரைக்கும் 1,52,000 பேரு அங்க போனாங்க, மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியாத்தான். பீஜிக்கு 1879லயே கப்பல் ஆரம்பிச்சிடுச்சி, நம்ம தெக்கத்தி ஆளுங்க 1903லேர்ந்து போனாங்க. அப்படி தெக்கேர்ந்து பீஜி போனவங்கள்ல ரொம்ப அதிகமா ஆள் குடுத்த ஜில்லாங்கள்ல நம்மளோடது ஒண்ணு.

எங்க கொள்ளுத் தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் போனவரு. அவரு எமிகிரேஷன் பாஸோட நகல் எங்ககிட்ட வந்துது. ஒரே ஒரு தாளு. பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உறவுக்காரர் யாரு, உயரம், உடம்புல அடையாளம். அடையாளம்ன்ற எடத்துல இடது மொழங்கால்ல தழும்புன்னு எழுதியிருக்கு. எங்க தாத்தா அத கேட்டுட்டு "ஏர் கலப்ப பட்டிருக்கும்"னாரு. நூறு வருஷத்துக்கு முன்னாடி போன மனுஷனோட கால் தழும்பு மட்டும் எங்ககிட்ட திரும்பி வந்துது.

மேப்ப பாருங்க அண்ணே: மொரீஷியஸ், டர்பன், அப்புறம் ஐரோப்பா, அமெரிக்கா, பீஜி, நியூசிலாந்து, மலேசியா, மெட்ராஸ். மேக்கால கெளம்பி கெழக்கால வந்து சேருவீங்க. உங்கப்பா போட்ட கோடும் வட்டமாத்தான் இருக்கும்.

காட்பாடிவாசி:
தம்பி, நேத்து ராத்திரி இத அம்மாவுக்கு படிச்சி காட்டினேன். பீஜின்னு சொன்னதும் நிமிந்து உக்காந்தாங்க. அவங்க பொறந்த ஊரு பள்ளிகொண்டா பக்கம், அங்க அவங்க சின்ன வயசுல ஒரு வூட்ட "பீஜியான் வூடு"ன்னுதான் சொல்லுவாங்களாம். ஏன் அந்தப் பேருன்னு யாரும் கேட்டதில்லயாம், ஏதோ பட்டப்பேருன்னு நெனச்சாங்களாம். அந்த வூட்டு கெழவர் கரும்பு வெட்டறப்ப மட்டும் பாஷை புரியாத ஒரு பாட்டு பாடுவாருன்னாங்க. 66 வயசுல இப்பதான் எங்கம்மாவுக்கு அந்தப் பேருக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கு. என் பொண்ணு ஆயா பக்கத்துலயே உக்காந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டா.

வாலாஜா ரோடு அண்ணா, நீங்க சொன்னத நாங்க ரெண்டு பேரும் பேசினோம். மாமனார் மாமியார் ரெண்டு பேரும் இருக்காங்க, மச்சான் கூட இருக்காரு. ஆற்காடு சார் சொன்ன மாதிரி 4 லட்சம் தனியா எடுத்து வெச்சாச்சி. அம்மாவ விட்டுட்டு போறதுன்னா நாங்க போகவே மாட்டோம், அப்பா விஷயத்துல ஒரு தடவ தள்ளிப் போட்டாச்சி.

19ஐ 8 ஆக்கிட்டேன். தம்பி சொன்ன வழிதான். மாசம் எப்படி பிரிக்கறது?

ஆம்பூர் அக்கா:
இந்த ரூட்டுன்னா நல்லாவே அமையும். மொரீஷியஸ்ல மூணு வாரம், விசா வேணாம். போர்ட் லூயிஸ்ல ஆப்பிரவாசி காட்னு கூலிங்க வந்து எறங்கின எடம், 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. படகுலேர்ந்து எறங்கி அங்க இருக்கற படி ஏறித்தான் எல்லாரும் உள்ள போனாங்கன்னு சொல்லுவாங்க. ஜூன் ஜூலை அங்கயும் டர்பன்லயும் குளிர் காலம், நம்ம ஊரு மார்கழி அளவுக்குத்தான், அம்மாவுக்கு கஷ்டம் இருக்காது. வேலூர் வெயிலுக்கு அது சொர்க்கம். டர்பன்ல ஆறு வாரம் வீடு எடுங்க, 1860 ஹெரிடேஜ் சென்டர்னு ஒரு மியூசியமே இருக்கு. தென் ஆப்பிரிக்காவுக்கு விசா வேணும், பிள்ளைங்க பர்த் சர்டிபிகேட்ல ரெண்டு பேரு பேரும் சரியா இருக்கான்னு இப்பவே பாருங்க. இனிஷியல் ஒரு எடத்துல முன்னாடி ஒரு எடத்துல பின்னாடின்னு இருக்கும், அதுதான் நம்ம ஆளுங்களுக்கு எப்பவும் தலவலி.

ஐரோப்பா செப்டம்பர்ல, மூணு வாரம் போதும். ஷெங்கன் விசாவ, அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து குடுக்கற ஒரே விசாவ, போறதுக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் வாங்குவாங்க, ஆக ஏப்ரல்ல சென்னையிலயே போட்டுட்டு கெளம்பிடுங்க. வழியில போடலாம்னு நெனக்காதீங்க, நிறைய தூதரகம் குடியிருக்கற நாட்டுல போயி போடுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. பெரியவங்களுக்கு 90 யூரோ, 6லேர்ந்து 12 வயசுக்குள்ளன்னா 45. இன்சூரன்ஸ் கொறஞ்சது 30,000 யூரோவுக்கு. அமெரிக்கா விசாவ எல்லாத்துக்கும் மொதல்ல ஆரம்பிங்க, அப்பாயின்ட்மென்ட் கெடைக்கத்தான் நாளாவும். அங்க பிளேன் மாறறதுக்குக்கூட விசா கேப்பாங்க, அதனால அது இல்லாம உங்க பசிபிக் பக்கம் நடக்காது.

பீஜிக்கு நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் புயல் காலம். அக்டோபர் மொத வாரத்துல போயி எறங்கி மாசக் கடைசியோட கெளம்பிடற மாதிரி வெச்சிக்குங்க. விசா வேணாம், நாலு மாசம் வரைக்கும் இருக்கலாம். நவம்பர் டிசம்பர் நியூசிலாந்துல நல்ல வெயில் காலம். ஜனவரி கடைசி மலேசியா, தைப்பூசத்துக்கு பத்து மலை முருகன் கோயில்ல 272 படி. அம்மா கீழயே இருந்து கும்பிடட்டும். 2023 டிசம்பர்லேர்ந்து நமக்கு விசா இல்லாம 30 நாள் விடறாங்க, போறப்ப ஒரு தடவ பாத்துக்குங்க.

பாலாத்து மணல்:
அண்ணே, பிள்ளைங்க பொறந்த நாள் எப்ப? லாஸ் ஏஞ்சல்ஸ்லேர்ந்து பீஜியில இருக்கற நாடிக்கு ராத்திரி பிளேன் ஏறினா பதினோரு மணி நேரம்தான், ஆனா எறங்கறப்ப ரெண்டு நாள் தள்ளிப் போயிருக்கும். நடுவுல ஒரு தேதி இருக்காது, தேதிக் கோட்ட தாண்டறோம் இல்லயா.

காட்பாடிவாசி:
பொண்ணுக்கு அக்டோபர் 9. நல்ல வேள சொன்னீங்க. நாங்க 8ஆம் தேதி ராத்திரி ஏறலாம்னு இருந்தோம். அவகிட்டயே கேட்டேன், கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிட்டு, "அஞ்சாம் தேதி ஏறலாம்பா, பீஜியில கொண்டாடலாம்"னு சொல்லிட்டா. தேதிக் கோடுன்னா இன்னான்னு தம்பிக்கு சாத்துக்குடிய வெச்சி சொல்லித் தந்துகினு இருக்கா.

ஆம்பூர் அக்கா:
சாப்பாட்டு விஷயம் ஒண்ணு. பிரியாணி மசாலா, குருமா பொடி எது அரச்சாலும் கசகசா போடாம அரைங்க. சிங்கப்பூர், துபாய் வழியா பிளேன் மாறினாகூட கசகசா அங்க தடை, போதைப்பொருள் கேஸாவும். நியூசிலாந்துல கார்டுல சாப்பாடு இருக்குன்னு டிக் பண்ணுங்க, பண்ணாம மாட்டினா அங்கயே 400 டாலர் அபராதம். நாங்க டிக் பண்ணி நின்னோம். ஆக்லாந்துல அந்த ஆபீசர் அம்மா கையுறை போட்டுகினு ஒவ்வொரு கவரா எடுத்து லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்தாங்க. காஞ்ச கருவேப்பில, வெதயோட இருந்த மொளகா ரெண்டையும் தொட்டில போட்டாங்க. பருப்பு பொடி, புளி, மாங்கா ஊறுகா எல்லாத்தையும் மடிச்சி திரும்ப அடுக்கியே குடுத்தாங்க.

காட்பாடிவாசி:
அக்கா, இதுல ஒரு சந்தேகம். அம்மா பள்ளிகொண்டாலேர்ந்து ஒரு பிடி பாலாத்து மண்ணு எடுத்துகினு போயி பீஜியில போடணும்னு சொல்றாங்க. போனவங்க மண்ணத் தொடாமலே செத்தாங்களேன்னு. விடுவாங்களா?

ஆம்பூர் அக்கா:
மண்ணு விட மாட்டாங்க தம்பி, பீஜியிலயும் சரி நியூசிலாந்துலயும் சரி. செருப்புல ஒட்டியிருந்தாகூட கழுவச் சொல்லுவாங்க. துளசியும் வேணாம். குங்குமம், விபூதி சின்ன பாக்கெட்ல சீல் பண்ணி எழுதிக் காட்டிட்டு எடுத்துகினு போங்க.

குடியாத்தம் டீச்சர்:
நாடியில மெயின் ரோடு முடியற எடத்துல சிவ சுப்ரமணிய சுவாமி கோயில் இருக்குன்னு படிச்சிருக்கேன். அங்க 1926லயே நம்ம ஆளுங்க தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்னு ஆரம்பிச்சி பள்ளிக்கூடமெல்லாம் நடத்தினாங்க, சங்கம் இப்பவும் இருக்கு. போறதுக்கு முன்னாடி அந்த சங்கத்துக்கு ஒரு லெட்டர் போடுங்க சார். உங்க பொண்ணே எழுதட்டும், தமிழ்ல ஒண்ணு இங்கிலீஷ்ல ஒண்ணு.

வாலாஜா ரோடு:
காட்பாடி சார், என் மனசுல கவல இன்னும் இருக்கு, மறைக்கல. ஆனா எங்க பெரியப்பா வூடு பள்ளிகொண்டாலதான். அந்த பீஜியான் வூட்டு பேரப் பசங்க யாராவது இருக்காங்களான்னு ஞாயித்துக்கெழம போயி விசாரிக்கறேன். அம்மாகிட்ட தெரு பேரு மட்டும் கேட்டு சொல்லுங்க.

காட்பாடிவாசி:
அண்ணா, பெருமாள் கோயிலுக்கு தெக்கால ரெண்டாவது தெரு, வேப்ப மரம் இருந்த வூடுன்னு சொல்றாங்க, மரம் இப்ப இருக்கான்னு தெரியாதாம். நானும் ஞாயித்துக்கெழம அம்மாவ கூட்டிகினு வரேன். காலையில எட்டு மணிக்கு கோயிலாண்ட நிக்கறோம்.

பையன் பாஸ்போர்ட்டுக்கு போஸ்ட் ஆபீஸ் சேவா கேந்திராவுல வியாழக்கெழம அப்பாயின்ட்மென்ட் கெடச்சிருக்கு. பொண்ணு லெட்டர் ஆரம்பிச்சிட்டா, தமிழ்லதான் மொதல்ல எழுதறாளாம்.